மாறிவிட்ட சந்தையில் சிறிய ஃபைபர் மீன்பிடிப் படகு வாங்குவது எப்படி?

12 அடி முதல் 18 அடி வரை நீளமுள்ள ஃபைபர் மீன்பிடிப் படகுகளின் சந்தை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கத்தில் புதிய படகுகள் நிற்கின்றன. அவை முன்பைவிட நீளமாகவும் அகலமாகவும், அதிகக் குதிரைத்திறன் கொண்ட எஞ்சினோடும் மின்னணுக் கருவிகளோடும் வருகின்றன. விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது. மறுபக்கத்தில், 1970களிலிருந்து வார்க்கப்பட்டு இன்றும் மட்காமல் துருப்பிடிக்காமல் இருக்கும் பழைய படகுகள் குவிந்துகிடக்கின்றன. இவ்விரண்டிற்கும் நடுவே இருந்த, எளிமையான, சிறிய, புதிய ஃபைபர் படகு என்ற வகை மெலிந்துகொண்டே வருகிறது. அந்த இடத்தைப் பெரும்பாலும் அலுமினியப் படகுகளும், சுழல் அச்சில் வார்க்கப்படும் பாலிஎத்திலீன் படகுகளும் பிடித்துக்கொண்டன.

ஆகவே சிறிய ஃபைபர் படகுதான் வேண்டும் என்று முடிவுசெய்தவர்களில் பலர் பழைய படகின் முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. அடிப்படையான கருத்து ஒன்றுதான்: பழைய ஃபைபர் படகின் மதிப்பை அதன் பளபளப்போ வயதோ தீர்மானிப்பதில்லை, எஞ்சினைத் தாங்கும் பின்பலகை, காலடியில் இருக்கும் தரை, பின்னால் தொங்கும் எஞ்சின் ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. விற்பவர் பெரும்பாலும் முதலிரண்டைச் சொல்லித்தான் விலை கேட்பார். வாங்குபவர் பின்னைய மூன்றைப் பார்த்து விலை சொல்ல வேண்டும்.

சந்தை மாறியது ஏன்?

இதை அறிந்துகொள்வது வெறும் வரலாற்று ஆர்வத்திற்காக அன்று. எந்தக் காலத்துப் படகில் எந்தக் குறை இருக்கும் என்பது இதிலிருந்துதான் தெரியவரும்.

கண்ணாடியிழையை (ஃபைபர் என்பது இதைத்தான்) பாலியெஸ்டர் ரெசின் என்னும் இறுகும் பிசினில் தோய்த்துப் படகு செய்யும் முறைக்கு 80 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிவிட்டது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் 1942-இல் அப்படியொரு படகைச் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இது ஒரு தொழிலாக வளர்ந்தது. 1958-இல் வெளிவந்த 13 அடி பாஸ்டன் வேலர், இரண்டு ஃபைபர் கூடுகளுக்கு இடையே நுரையை நிரப்பி, நடுவே அறுத்துப் போட்டாலும் மிதக்கும் படகு என்று பெயர் பெற்றது. ஓர் அச்சைச் செய்துவிட்டால் அதிலிருந்து ஒரே மாதிரியான படகுகளை வரிசையாக வார்த்தெடுக்க முடியும் என்பதே இந்தத் தொழிலின் பலம். மரப்படகைப் போல அவை உளுத்துப்போவதுமில்லை. ஆண்டுதோறும் புதிய படகுகள் சேர்ந்தன. பழையவையோ எளிதில் அழியவில்லை. பயன்படுத்திய படகுகளின் சந்தை இவ்வளவு பெரியதாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்த மாற்றம் எஞ்சினில் நிகழ்ந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய இரு-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்னால் வெளிப்புறமாகத் தொங்கும் எஞ்சின்), உள்ளே செல்லும் எரிபொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியே தள்ளிவிடக்கூடியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் இதற்கு வரம்பு விதித்து, 2006 வரை அதைப் படிப்படியாக இறுக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் தன் விதிகளைத் திருத்தியது. விளைவாக அந்நாடுகளில் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் சந்தையை நிரப்பின. அவை எரிபொருளைச் சேமிக்கின்றன, சத்தம் குறைவு, புகையும் குறைவு. ஆனால் அதே குதிரைத்திறனுக்கு எடையும் விலையும் கூடுதல். பெரிய படகில் இந்த வேறுபாடு கரைந்துபோய்விடும். 14 அடிப் படகில் அது கரைவதில்லை. எஞ்சினின் விலை, கூட்டின் (எஞ்சின் இல்லாத வெறும் படகின்) விலையை எட்டிவிடுகிறது, சில வேளைகளில் தாண்டியும் விடுகிறது. உற்பத்தியாளர்கள் ஏன் சிறிய ஃபைபர் படகைக் கைவிட்டுப் பெரிய அளவுகளுக்கு நகர்ந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. அச்சுக்கும் ஆள்கூலிக்கும் ஆகும் செலவு படகின் நீளத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. இலாபம் மட்டும் விரைவாகக் குறைந்துவிடுகிறது.

மூன்றாவது அதிர்வு 2020-இல் வந்தது. பெருந்தொற்றின்போது வெளியூர்ப் பயணங்கள் நின்றதால், பல நாடுகளில் மக்கள் படகுகளின் பக்கம் திரும்பினார்கள். அமெரிக்காவில் அந்த ஓராண்டில் மட்டும் 3 லட்சத்திற்கும் மேற்பட்ட புதிய மோட்டார் படகுகள் விற்றன. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலத்தைத் தாக்கிய கடுங்குளிரால் அங்குள்ள பெட்ரோவேதி ஆலைகள் முடங்க, ரெசினுக்கும் நுரைப்பொருளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. பழைய படகுகளும் எதிர்பாராத விலைக்குப் போயின. 2022 முதல் வட்டி விகிதங்கள் ஏறியபோது தேவை தணிந்தது. அன்று ஆர்வத்தில் வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் இன்று விற்பவர்களாக வருகிறார்கள். அவர்களில் பலர் தாம் கொடுத்த விலையை நினைவில் வைத்துக்கொண்டுதான் பேரத்தைத் தொடங்குகிறார்கள் என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது. உச்சத்தில் கொடுத்த விலை, இன்றைய மதிப்புக்குச் சான்றாகாது.

முதலில் நீர்நிலையைத் தீர்மானியுங்கள்

படகைப் பார்ப்பதற்கு முன்பே, எந்த நீரில், எத்தனை பேரோடு, எவ்வளவு தூரம் செல்லப்போகிறீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏரியிலும் காயலிலும் நன்றாக ஓடும் தட்டையான அடிப்பகுதி, திறந்த கடலின் குறுகிய அலையில் முதுகெலும்பைப் பதம் பார்த்துவிடும். ஆழமான வி-வடிவ அடிப்பகுதி அலையை மென்மையாக வெட்டும். ஆனால் நின்றுகொண்டு தூண்டில் போடும்போது பக்கவாட்டில் அதிகமாகச் சாயும், ஆழமற்ற நீரில் தரைதட்டும், ஓடுவதற்குக் கூடுதல் விசையும் கேட்கும். இரண்டும் ஒரே படகில் கிடைக்கும் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

ஐரோப்பிய விதிகளின்படி செய்யப்பட்ட படகுகளில் வடிவமைப்பு வகை பொறித்த தகடு இருக்கும். 'சி' வகைப் படகு, காற்றின் வேகம் பியூஃபோர்ட் என்னும் காற்றுவிசை அளவுகோலில் 6 வரையும், 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' (உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி உயரம்) 2 மீட்டர் வரையும் உள்ள கரையோர நீருக்கு ஏற்றது. 'டி' வகைப் படகு, காற்று 4 வரையும், அலை பொதுவாக 0.3 மீட்டருக்குள்ளும் இருக்கும் காப்பான நீருக்கு மட்டுமே ஏற்றது. அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பின் செய்யப்பட்ட, 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான மோட்டார் படகுகளில், ஏற்றக்கூடிய ஆட்கள், மொத்த எடை, பொருத்தக்கூடிய உச்சக் குதிரைத்திறன் ஆகியவற்றைச் சொல்லும் தகடு இருக்க வேண்டும். அந்தத் தகடு பிடுங்கப்பட்டிருந்தால், அளவுக்கு மீறிய எஞ்சின் மாட்டப்பட்டிருக்கிறதோ என்று ஐயப்படுவது நியாயமே.

வயதைப் படகே சொல்லும். பின்பலகையின் வெளிப்புறத்தில், வலது மேல்மூலையில் பொறிக்கப்பட்டிருக்கும் அடையாள எண்ணைப் பாருங்கள். 1984 ஆகஸ்டுக்குப் பின்னான அமெரிக்க முறையில், கடைசி நான்கு குறிகளில் முதலாவது எழுத்து, உற்பத்தி மாதம்: 'ஏ' என்றால் ஜனவரி, 'எல்' என்றால் டிசம்பர். அடுத்த இலக்கம் உற்பத்தி ஆண்டின் கடைசி இலக்கம்; இறுதி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டு. 'சி494' என்று முடிந்தால், அது 1994 மார்ச்சில் செய்யப்பட்ட 1994 மாடல். இந்த எண் சுரண்டப்பட்டிருந்தாலோ, பதிவு ஆவணத்தில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்றாலோ, படகு எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கூட்டை ஆராயும் முறை

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். படகு நீரில் மிதந்துகொண்டிருந்தால் கரையேற்றிக் காட்டச் சொல்லுங்கள். கையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் தலைச் சுத்தியல், ஒரு டார்ச் விளக்கு, 1.5 மீட்டர் நீளமுள்ள நேரான சட்டம், ஒரு ஸ்க்ரூ டிரைவர் ஆகியவை போதும்.

வெளிப்பூச்சான ஜெல்கோட்டிலிருந்து தொடங்கலாம். நன்றாகப் பூசப்பட்ட ஜெல்கோட்டின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதைவிடத் தடிமனாகப் பூசினால் வெயிலிலும் அதிர்விலும் மயிரிழை விரிசல்கள் விடும். அவை பார்வைக்கு அச்சுறுத்தினாலும் பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றுவிடுபவை. விரிசலின் உருவத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் விரியும் கோடுகள், அங்கே எதுவோ மோதியதைக் காட்டுகின்றன. மூலைகளிலும், தரை சுவரைச் சந்திக்கும் இடங்களிலும் இணையாக ஓடும் கோடுகள், அந்த இடம் ஓயாமல் வளைந்து கொடுக்கிறது என்று சொல்கின்றன; அதாவது, உள்ளே அதைத் தாங்க வேண்டிய ஏதோ ஒன்று தன் வேலையைச் செய்யவில்லை. முதல் வகையைச் சரிசெய்வது எளிது. இரண்டாவது வகையில் விரிசலை மட்டும் பூசி மறைப்பது பயனற்றது, ஏனெனில் காரணம் உள்ளேயே இருக்கிறது.

நீர்மட்டத்திற்குக் கீழே கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜெல்கோட் முழுக்க நீர்புகாத பொருள் அன்று. மிக மெதுவாக உள்ளே ஊடுருவும் நீர், ரெசினில் வினைபுரியாமல் எஞ்சிய பொருட்களைக் கரைத்து அடர்த்தியான கரைசலாக மாற்றுகிறது. அந்தக் கரைசல் சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுத்துக்கொண்டு வீங்குகிறது. கொப்புளத்தைக் குத்தினால் வினிகர்போன்ற புளித்த வாடை வரும். ஆண்டு முழுவதும் நீரிலேயே கட்டிக் கிடக்கும் படகுகளுக்கு இது அதிகம் வரும். டிரெய்லரில் வீட்டுக்குத் திரும்பிவிடும் படகுகளில் அரிது. சிறு கொப்புளங்களால் படகு மூழ்கிவிடாது. அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம். அவற்றுக்காகவே ஒரு நல்ல படகை விட்டுவிடத் தேவையில்லை என்பது என் கருத்து.

அடுத்து, நேரான சட்டத்தை அடிப்பகுதியின் கடைசி ஒன்றரை மீட்டரில், பின்பலகையிலிருந்து முன்னோக்கி, நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். சட்டத்திற்கும் படகிற்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அடிப்பகுதி உட்குழிந்திருக்கிறது என்று பொருள். டிரெய்லரின் தாங்குகட்டைகள் பின்பலகை வரை நீளாமல் பாதியில் நின்றிருந்தால், எஞ்சினின் எடையில் ஆண்டுக்கணக்கில் தொங்கித் தொங்கி இந்த வளைவு வந்துவிடும். அப்படிப்பட்ட படகு ஓடும்போது அணியத்தை, அதாவது முன்முனையை, கீழே அழுத்தும், வேகம் குறையும். மாறாக அடிப்பகுதி வெளிப்புறமாகப் புடைத்திருந்தால், வேகமெடுக்கும்போது அணியம் மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கும். வாங்க வருபவர்களில் மிகச் சிலரே செய்யும் சோதனை இது. ஒரு நிமிடம்தான் ஆகும்.

இனி, பின்பலகை. பழைய படகுகளில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே ஒட்டுப்பலகை வைத்துத்தான் பெரும்பாலும் இதைச் செய்தார்கள். எஞ்சினை மாட்டிய போல்ட் துளைகள், நீர் வடியும் துளை, மீன்தேடும் கருவியின் உணரியைத் திருகிய சிறு ஆணித்துளைகள் எல்லாவற்றின் வழியாகவும் நீர் உள்ளே இறங்கும், வெளியேறுவதற்கு வழியிருக்காது. ஃபைபர் மட்காது என்பது உண்மை. அதற்குள் இருக்கும் மரம் மட்கும். வெளியே கண்ணாடிபோல் மின்னும் பின்பலகை உள்ளே ஈரமான மரத்தூளாக இருக்க முடியும்.

சோதிக்கும் முறை இது. எஞ்சினைப் பாதியளவு தூக்கி, அதன் கீழ்ப்பகுதியைக் கையால் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். உதவிக்கு வந்தவர் பின்பலகையின் மேல்விளிம்பைக் கவனிக்கட்டும். பலகை கண்ணுக்குத் தெரியுமளவு அசைந்தாலோ, போல்ட்டுகளைச் சுற்றிய ஜெல்கோட் திறந்து மூடினாலோ, வேலை பெரியது. பிறகு சுத்தியலால் பலகை முழுவதையும் மெல்லத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடத்தில் ஒலி கணீரென்று இருக்கும். ஈரமான அல்லது பிரிந்துபோன இடத்தில் மந்தமாக ஒலிக்கும். காது பழகுவதற்கு, முதலில் நீர் எட்டாத மேல்பகுதியைத் தட்டிப் பார்ப்பது நல்லது. ஐயம் தீரவில்லை என்றால், உரிமையாளரின் ஒப்புதலோடு உட்புறத்தில் தாழ்வான இடத்தில் ஒரு சிறிய துளையிட்டு, துரப்பணம் கொண்டுவரும் தூளைப் பாருங்கள். வெளிர்நிறமாகவும் உலர்ந்தும் வந்தால் நிம்மதி. கறுத்து ஈரமாக வந்தால் விடை கிடைத்துவிட்டது. அந்தத் துளையை உடனே எபாக்ஸியால் அடைத்துவிட வேண்டும். ஈரப்பத மானியையும் பயன்படுத்தலாம். ஆனால் நீரிலிருந்து அன்றுதான் எடுத்த படகிலும், உலோகம் கலந்த வண்ணம் பூசிய பகுதியிலும் அது தவறான அளவைக் காட்டும்.

தரையில் குதிகாலை ஊன்றி, அங்குலம் அங்குலமாக நடந்து பாருங்கள். அமுங்கும் இடங்கள் இருந்தால் தரைப்பலகை மட்கியிருக்கிறது. அதைவிட முக்கியமானது, தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகளின் நிலை. இருக்கையின் அடித்தட்டைப் பிடித்திருக்கும் ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்ப்பது எளிய வழி. அது துருவோடும் ஈரத்தோடும் வந்தால், அல்லது இறுக்கமே இல்லாமல் சுழன்றால், கீழே என்ன நடந்திருக்கிறது என்பதை ஊகிக்கலாம். 1990களுக்குப் பிறகு பல உற்பத்தியாளர்கள் மரத்தை விட்டு, அடர்த்தியான நுரைப்பலகை போன்ற மட்காத பொருட்களுக்கு மாறினார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் மாறவில்லை. ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு மாடல்களிலும் வேறுபாடு உண்டு. ஆகவே ஆண்டை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

தரைக்கு அடியில் நிரப்பிய மிதவை நுரை, பலரும் கவனிக்காத இன்னொரு சிக்கல். 1978-இன் பிற்பகுதிக்குப் பின் அமெரிக்காவில் செய்யப்பட்ட, 20 அடிக்குக் குறைவான பெரும்பாலான அவுட்போர்டு படகுகள் நீர் நிறைந்தாலும் கவிழாமல் மட்டமாக மிதக்க வேண்டும் என்பது விதி. அதற்காகவே இந்த நுரை. ஒரு லிட்டர் நுரை ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கும். அது மூடிய நுண்ணறைகள் கொண்டதுதான் என்றாலும், ஆண்டுக்கணக்கில் நீரில் ஊறிக் கிடந்தால் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது மிதக்க வைக்க வேண்டிய பொருளே படகைக் கீழே இழுக்கும் சுமையாகிவிடுகிறது. இதைக் கண்டறிய மிகவும் நம்பகமான வழி எடைமேடைதான். படகையும் டிரெய்லரையும் சேர்த்து நிறுத்து, டிரெய்லரின் எடை, எஞ்சினின் எடை, பேட்டரிகளின் எடை, தொட்டியில் உள்ள எரிபொருளின் எடை ஆகியவற்றைக் கழியுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். எஞ்சியதை உற்பத்தியாளர் சொன்ன வெற்றுக்கூட்டின் எடையோடு ஒப்பிடுங்கள். சில பத்து கிலோ கூடுதலாக இருந்தால் அது பிற்காலத்தில் சேர்த்த சாமான்களாக இருக்கலாம். 100 கிலோவுக்கு மேல் விளக்கமில்லாமல் கூடியிருந்தால், நீங்கள் நீரையும் சேர்த்து விலைக்கு வாங்கப்போகிறீர்கள்.

பின்பலகையை மாற்றுவதும், தரையைப் பெயர்த்து நுரையை எடுத்துப் புதிதாக வார்ப்பதும் செய்யமுடியாத வேலைகள் அல்ல. தன் கையால் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு வெயில்மழை படாத இடம், பல வாரங்களின் ஓய்வுநேரம், அரைக்கும்போது பறக்கும் கண்ணாடியிழைத் தூசியிலிருந்தும் ரெசினின் ஸ்டைரீன் ஆவியிலிருந்தும் காக்கும் முகக்கவசம் ஆகியவை வேண்டும். கூலிக்குச் செய்யக் கொடுத்தால், சிறிய படகின் முழு மதிப்பையும் அந்த வேலை விழுங்கிவிடும். எனவே இரண்டில் ஒன்று: படகு இலவசத்திற்கு அருகில் கிடைக்க வேண்டும், அல்லது பின்பலகை நன்றாக இருக்க வேண்டும். இதற்கு இடைப்பட்ட விலையில் மட்கிய படகை வாங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. பழைய படகுகள் எல்லாம் தடிமனாகக் கட்டப்பட்டவை என்ற பேச்சை நம்பியும் ஏமாற வேண்டாம்; ஃபைபர் அடுக்கின் தடிமன், அதற்குள் இருக்கும் மரத்தைக் காப்பாற்றுவதில்லை.

எஞ்சின்

விற்பவரைச் சந்திக்கும் நேரத்திற்குச் சற்று முன்னதாகவே சென்று, எஞ்சினின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதாகக் கிளம்புவதில்லை என்பதற்காக முன்பே ஓட்டிவைத்திருக்கக்கூடும். ஆறிய பிறகு வருவதாகச் சொல்லித் திரும்புங்கள்.

முதலில் கியர் பெட்டியின் எண்ணெய். கீழ்த் திருகைச் சற்றுத் தளர்த்திச் சில சொட்டுகள் வெளியே விடுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது. உலோகத் துகள்கள் மின்னினால் பல்சக்கரங்கள் தேய்கின்றன. பிறகு, எஞ்சினைச் சூடாக்கி, ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, த்ராட்டிலை முழுதும் திறந்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். எண்ணின் உயர்வைக் காட்டிலும் சிலிண்டர்களுக்கு இடையிலான ஒற்றுமையே முக்கியம். பொதுவாக வேறுபாடு 10 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும். புதிய எஞ்சின்களில் கணினியை இணைத்து, மொத்தம் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதை மட்டுமல்லாமல், எந்தெந்த வேகத்தில் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதையும் படிக்க முடியும். பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிய எஞ்சின்களில் மணிக்கணக்கு குறைவாகவே இருக்கும். அதை விற்பவர் பெருமையாகச் சொல்வார். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகள் பழைய பெட்ரோலோடு அசையாமல் நின்ற எஞ்சின், முறையாக ஓடிய எஞ்சினைவிட நல்லது என்று சொல்ல முடியாது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பின் ரப்பர் விசிறி, எரிபொருள் குழாய்கள், வடிகட்டிகள் ஆகியவற்றை மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை ஈர்க்கும்; பழைய குழாய்களை இளக்கும்; ஃபைபரால் செய்த பழைய தொட்டியின் ரெசினையே சிதைக்கும்.

எந்த நிறுவனத்தின் எஞ்சின் என்பதும் மறுவிற்பனை விலையைப் பாதிக்கிறது. ஜான்சன், எவின்ரூட் என்ற பெயர்களில் எஞ்சின் செய்த அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் 2000 டிசம்பரில் திவாலானது. அப்பெயர்களைப் பின்னர் வாங்கிய பாம்பார்டியர் வழிவந்த பிஆர்பி நிறுவனம், 2020-இல் எவின்ரூட் உற்பத்தியை நிறுத்தியது. நல்ல நிலையில் உள்ள எவின்ரூட் இன்னும் உழைக்கும். ஆனால் விலை சொல்வதற்கு முன், உங்கள் பகுதியில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் உதிரிபாகமும் கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள். இரு-ஸ்ட்ரோக் எஞ்சினை எந்தக் கரையிலும் பிரித்து மாட்டிவிடலாம் என்பதால்தான் பல நாடுகளில் மீனவர்கள் இன்றும் அதை விரும்புகிறார்கள். அவர்களுடைய கணக்கு தவறென்று சொல்ல மாட்டேன்.

பழைய கூட்டில் புதிய நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினை மாட்டுவது இன்று பரவலாகக் கேட்கப்படும் யோசனை. இரண்டு அளவுகளைச் சரிபாருங்கள். ஒன்று, பின்பலகையின் உயரம்: எஞ்சின் தண்டுகள் பொதுவாக 15, 20, 25 அங்குல அளவுகளில் வருகின்றன, பொருந்தாத தண்டு, காற்றை உறிஞ்சும் அல்லது தேவையற்ற இழுவிசையைத் தரும். மற்றொன்று, எடை. புதிய எஞ்சினுக்கும் பழையதற்கும் உள்ள எடை வேறுபாட்டைக் கண்டுபிடித்து, அந்த அளவு நீர் நிரப்பிய கேன்களைப் பின்பலகையை ஒட்டி வைத்து, வழக்கமான ஆட்களோடு படகை மிதக்கவிட்டுப் பாருங்கள். தரையில் விழும் நீர் வடியும் துளைகள் நீர்மட்டத்திற்குக் கீழே போய்விட்டால், அந்த எஞ்சின் அந்தப் படகிற்கு உரியதன்று. வாங்கிய பின் தெரிந்துகொள்வதைவிட, சில கேன் நீரால் தெரிந்துகொள்வது மலிவு.

நீரில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. முழுவேகத்தில் எஞ்சினின் சுழற்சி, உற்பத்தியாளர் குறித்த எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். பல நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு இது நிமிடத்திற்கு 5,000 முதல் 6,000 வரை இருக்கும். எட்டவில்லை என்றால் ப்ரொப்பெல்லர் பொருத்தமில்லாமல் இருக்கலாம். அல்லது நீங்கள் எடைமேடையில் தேடிய அந்த நீர், இங்கே தன்னைக் காட்டிக்கொள்ளலாம்.

மின்னணுக் கருவிகளும் விலையும்

புதிய படகுகளின் விலையேற்றத்தில் மின்னணுக் கருவிகளுக்குக் கணிசமான பங்குண்டு. நங்கூரமில்லாமலே செயற்கைக்கோள் வழிகாட்டுதலால் படகை ஓரிடத்தில் நிறுத்தும் மின்மோட்டார், 2018-இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்ற பெயரில் கொண்டுவந்தது போன்ற நேரடி சோனார் (ஒலியலையால் நீருக்கடியில் இருப்பதை அப்போதைக்கப்போது காட்டும் கருவி), அவற்றுக்கான லித்தியம் பேட்டரிகள் ஆகியவை சேர்ந்தால், பழைய சிறிய படகின் கூட்டைவிட மேலே பூட்டிய கருவிகள் விலை மிகுந்தவையாகிவிடுகின்றன. விற்பவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலை சொன்னால், கருவிகளைக் கழற்றிக்கொண்டு படகை மட்டும் என்ன விலைக்குத் தருவார் என்று கேளுங்கள். அந்த விடை, அவர் தன் படகை உண்மையில் எப்படி மதிப்பிடுகிறார் என்பதைக் காட்டிவிடும். கருவிகள் சில ஆண்டுகளில் காலாவதியாகும். அவற்றைப் பொருத்தப் பின்பலகையில் இட்ட துளைகள் அங்கேயே இருக்கும்.

விலையைக் கூட்டிலிருந்து தொடங்காமல், படகு நம்பிக்கையோடு நீரில் இறங்குவதற்கு ஆகும் மொத்தச் செலவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே சரி. கூடு, எஞ்சின், டிரெய்லர் மூன்றுக்கும் தனித்தனியே மதிப்புப் போடுங்கள்; உடனடியாகச் செய்ய வேண்டிய வேலைகளை, செய்து தருபவரிடமே விலை கேட்டுக் கழியுங்கள். சில படகுகளில் கூட்டின் மதிப்பு சுழியத்திற்கும் கீழே போவதைப் பார்ப்பீர்கள். அத்தகைய படகை நல்ல எஞ்சினுக்காகவும் டிரெய்லருக்காகவும் மட்டும் வாங்குவது சில வேளைகளில் புத்திசாலித்தனமான பேரமாக அமையும். மீன்பிடிப் பருவம் முடிந்து, படகை வைக்க இடமில்லாமல் உரிமையாளர் தவிக்கும் மாதங்களில் பேசினால் விலை இறங்கும். பருவம் தொடங்கும் வாரங்களில் பேசினால் இறங்காது.

ஆவணங்களில் படகு, எஞ்சின், டிரெய்லர் மூன்றின் எண்களும் தனித்தனியாக ஒத்துப்போக வேண்டும். கடன் நிலுவை இல்லை என்பதற்கான எழுத்துச் சான்றையும் கேளுங்கள். 2020, 2021 ஆண்டுகளில் தவணையில் வாங்கிய படகுகளில் இது கட்டாயம்.

கடைசியாக, பெரும்பாலோர் எண்ணிப் பார்க்காத ஒரு செலவு. கண்ணாடியிழையும் ரெசினும் ஒருமுறை இறுகிவிட்டால் அலுமினியத்தைப் போல உருக்கி மறுபடி பயன்படுத்த முடியாது. பழைய அலுமினியப் படகுக்கு உலோக விலையாவது கிடைக்கும், ஃபைபர் கூட்டை அகற்றுவதற்கு நாம்தான் பணம் கொடுக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டில் உற்பத்தியாளர்களின் பங்களிப்போடு பழைய உல்லாசப் படகுகளைப் பிரித்து அகற்றும் திட்டம் 2019-இல் தொடங்கியது. வேறு சில இடங்களில் நொறுக்கிய ஃபைபரைச் சிமெண்டுச் சூளைகளில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் சேர்க்கிறார்கள். பல இடங்களில் இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே, மிகப் பழைய கூட்டை எவராவது இலவசமாகக் கொடுக்க முன்வந்தால், அதை அறுத்து அப்புறப்படுத்த உங்கள் பகுதியில் என்ன கட்டணம் என்று முதலில் விசாரியுங்கள்; அந்தத் தொகைதான் அந்தப் படகின் உண்மையான விலை. எஞ்சினையும் டிரெய்லரையும் சேர்த்துத் தருகிறார் என்றால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்.